ஷட்டில் ஆடும்போது கெண்டைக்காலில் ‘டப்’ என்று ஒரு சத்தம். என்ன செய்யலாம்? (முழங்கை வலிக்காரர்களும் வரலாம்)

காலை ஷட்டில், கோவை

வணக்கம். வயது 43. முந்தாநாள் டபுள்ஸ் ஆடும்போது நெட் ஓரம் விழுந்த டிராப்பை எடுக்க வலது காலை முன்வைத்துப் பாய்ந்தேன். பின்னால் இருந்த இடது காலில் ‘டப்’. பார்ட்னர்தான் ஷட்டிலை என் காலில் அடித்துவிட்டார் என்று திரும்பி முறைத்தேன். அவர் பாவம், பேஸ்லைனில் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

கெண்டைக்காலின் உள்பக்கம், பாதிக்குச் சற்று மேலே தொட்டாலே உயிர் போகிறது. குதிகாலை ஊன்ற முடியவில்லை, நுனிக்காலில்தான் நடக்கிறேன். இன்று காலை கணுக்கால் ஓரம் நீலம் பாய்ந்திருக்கிறது. அடிபட்டது மேலே, நீலம் கீழே, அது ஏன் என்று புரியவில்லை. பக்கத்து கிளினிக்கில் “ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் தைலம் போட்டு உருவிவிட ஆளைக் கூப்பிட்டாயிற்று, மாலை வருகிறார். அதற்குள் யாராவது பதில் சொல்லுங்கள்.

மதுரை பிசியோ

முதலில் அந்த ஆளுக்கு போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லுங்கள் சார். மீதியை அப்புறம் பேசலாம்.

நீங்கள் சொல்வது கெண்டைக்காலின் மேல்தசை, அதாவது காஸ்ட்ராக்னீமியஸின் உட்பக்கத் தலை கிழிந்ததற்கான அச்சு அசலான வர்ணனை. பின்கால் முட்டி நீட்டியபடி, குதிகால் தரையில், அந்த நிலையில் உடம்பை முன்னால் தள்ளும்போது அந்தத் தசை இரண்டு பக்கமும் இழுபடும். முட்டியையும் கணுக்காலையும் தாண்டிப் போகிற தசை அது. நாற்பதைத் தொட்ட ஷட்டில், டென்னிஸ்காரர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்கியதால்தான் கணுக்காலில் நீலம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆனால் ‘சதைதான்’ என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்கள் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

ஒன்று, குதிகால் நாண், அக்கிலீஸ். அது அறுந்தாலும் இதே ‘டப்’தான், இதே ‘யாரோ அடித்தார்கள்’தான். கட்டிலில் குப்புறப் படுத்து, பாதம் இரண்டையும் விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள். வீட்டில் ஒருவர் கெண்டைச்சதையை இரு பக்கமும் பிடித்து மெதுவாக அமுக்கட்டும். பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைய வேண்டும். நல்ல காலிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். அசையவே இல்லை, அல்லது குதிகாலுக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டரில் விரல் வைத்தால் பள்ளம் தட்டுகிறது என்றால் இன்றைக்கே ஆர்த்தோவைப் பாருங்கள். “என்னால் பாதத்தைக் கீழே அழுத்த முடிகிறதே” என்பதை வைத்து ஏமாறாதீர்கள். விரல்களை மடக்குகிற தசைகளே அந்த வேலையை ஓரளவு செய்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் அண்மையில் எடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவற்றுக்கும் நாண் அறுவதற்கும் தொடர்பு உண்டு.

இரண்டு, காலின் ரத்தக்குழாய்க்குள் உறைந்து அடைக்கும் ரத்தக்கட்டி. அடியே படாமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகிக் கனத்தால், அதுவும் நீண்ட பஸ், விமானப் பயணம், ஆபரேஷன், மாவுக்கட்டு இவற்றுக்குப் பிறகு என்றால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். சதை கிழிந்து நடமாட்டம் குறைந்தவர்களுக்கும் சில சமயம் கட்டி சேரும். ஆகவே வீக்கம் நாளுக்கு நாள் ஏறினால் சும்மா இருக்காதீர்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் நேராக எமர்ஜென்சி.

சதை கல் மாதிரி இறுகி, விரல் மரத்து, மாத்திரைக்கும் அடங்காத வலி வந்தால் அதுவும் எமர்ஜென்சிதான். அரிது, ஆனால் காத்திருக்கக் கூடாத விஷயம்.

களத்து மேடு

பிசியோ மேடம் மன்னிக்கணும். எங்கள் கபடிக் காலத்தில் ஆசான் ஒருவர் இருந்தார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் எண்ணெய் காய்ச்சி உருவுவார், மறுநாள் ரெய்டு போவோம். ஸ்கேனும் இல்லை, டாப்ளரும் இல்லை. இப்போது எல்லாவற்றுக்கும் பயமுறுத்துகிறார்கள். மூவாயிரம், நாலாயிரம் என்று செலவு வேறு.

ஓடும் கால், சென்னை

அண்ணே, மறுநாள் ரெய்டு போன ஆளுக்கு இருந்தது பிடிப்பு. கிழிவு இல்லை. கிழிந்தவர்கள் எத்தனை பேர் அந்த சீசனோடு ஆட்டத்தை விட்டார்கள் என்று ஆசான் கணக்கு வைத்திருக்க மாட்டார்.

நான் ஓட்டக்காரன், எனக்கு வந்தது வேறு ரகம், ஈசிஆரில் ஞாயிறு நீண்ட ஓட்டம் ஓடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த ரகம். சத்தமெல்லாம் கிடையாது. ஏழெட்டு கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் கெண்டைக்காலின் ஆழத்தில், கீழ்ப்பாதியில் ஒரு இறுக்கம். நின்றால் விடும், ஓடினால் பிடிக்கும். ரெண்டு வாரம் லீவு விட்டால் சரியான மாதிரி இருக்கும். ஓட ஆரம்பித்தால் அதே கிலோமீட்டரில் திரும்ப வந்து நிற்கும். கடைசியில் அது சோலியஸ், மேல்தசைக்கு அடியில் இருக்கிற தசை, என்றார்கள். இத்தனை நாள் முட்டியை நீட்டி நின்று குதிகால் தூக்கியது அந்தத் தசைக்குப் போதவே இல்லையாம்.

மதுரை பிசியோ

ஆமாம், சோலியஸ் முட்டிக்குக் கீழேதான் ஆரம்பிக்கிறது. முட்டியை மடக்கினால் மேல்தசை தளர்ந்துவிடும், பாரம் முழுக்க சோலியஸ் மேல் விழும். முட்டி மடங்கிய நிலையில் குதிகால் தூக்கும்போது மட்டும் வலித்தால் அதன் மேல்தான் சந்தேகம். ஓடும்போது உடம்பு எடையைப் போலப் பல மடங்கு தாங்குகிற தசை இது. அதனால் பயிற்சியிலும் நாற்காலியில் உட்கார்ந்து தொடைமேல் நல்ல கனம் வைத்துத் தூக்கிப் பழக வேண்டும். வெறும் காலில் பத்து தடவை ஆட்டினால் அது கண்டுகொள்ளாது.

@களத்து மேடு ஐயா, உருவுவதற்கு நான் விரோதி இல்லை. இறுகின சதைக்கு, பிடிப்புக்கு, ஆறி வரும் கட்டத்தில் இதமாகப் பிடித்துவிடுவதில் தப்பில்லை. கிழிந்த முதல் சில நாட்களில் அழுத்தி உருவினால் நின்ற ரத்தக்கசிவு மறுபடி ஆரம்பிக்கும், அதுதான் பிரச்சினை. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகவும் கூடும். முழங்கையில் இன்னும் மோசம். அடிபட்ட, மூட்டு விலகிய முழங்கையை எண்ணெய் போட்டு உருவி மடக்கி நீட்டினால், சதைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கிவிடும். மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் கை பாதியில் நின்றுபோனவர்களை எங்கள் ஓபியில் இன்னும் பார்க்கிறோம். அதில் குழந்தைகளும் உண்டு.

காலை ஷட்டில்

ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வீட்டில் சின்ன யுத்தம். அமுக்கிப் பார்த்ததில் பாதம் அசைகிறது. இன்று ஆர்த்தோவிடம் போய் அல்ட்ராசவுண்டும் எடுத்தாயிற்று. உட்பக்கத் தலையில், தசை நாணோடு சேரும் இடத்தில் பாதிக் கிழிவு, கிரேடு 2. ரத்தக்கட்டி இல்லை. நாணும் முழுசாக இருக்கிறது.

எத்தனை வாரம் ஆகும்? ஐஸ் வைக்கவா, ஒத்தடம் கொடுக்கவா? இதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மதுரை பிசியோ

நல்ல செய்தி. ஐஸ் கதை சுவாரசியமானது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நாலு வார்த்தைச் சூத்திரத்தை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினே 2014 வாக்கில், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். அதனால் ஐஸை வலி அடக்க, முதல் ஒன்றிரண்டு நாள், துணி சுற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். வைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. சூட்டு ஒத்தடம் மட்டும் இந்த வாரம் வேண்டாம். க்ரேப் பேண்டேஜ் சுற்றினால் விரலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள், விரல் வெளிறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை எது, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இப்போதைக்கு வீட்டுக்குள்ளும் செருப்பு போட்டு நடங்கள், வெறுங்காலில் வேண்டாம். இரண்டு செருப்பிலும் குதிகால் அடியில் ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் கிழிந்த இடம் இழுபடாது. சின்ன எட்டு, ஆனால் நொண்டாமல். உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். சதையை இழுத்து நீட்டும் ஸ்ட்ரெட்ச்சுக்கு எந்த அவசரமும் இல்லை. மக்கள் முதல் நாளிலேயே சுவரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், அது கிழிந்ததை இன்னும் கிழிப்பதுதான்.

வலி விட்டபின் உட்கார்ந்து குதிகால் தூக்குவது, பிறகு நின்று இரண்டு காலில், பிறகு இரண்டு காலில் ஏறி அடிபட்ட காலில் மட்டும் மெதுவாக இறங்குவது, பிறகு ஒற்றைக் காலில், கடைசியில் கையில் கனத்தோடு. ஒவ்வொன்றிலும் பத்துக்கு மூன்று வரை வலி பரவாயில்லை. மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடிதான் நீதிபதி. நேற்றைவிட வலி கூடியிருந்தால் ஒரு படி பின்னால் போங்கள்.

வாரக் கணக்கு கேட்டீர்கள். லேசான கிழிவுக்கு இரண்டு மூன்று வாரம், உங்களுடையதற்கு நாலிலிருந்து எட்டு வாரம், முழுக்கக் கிழிந்தால் மூன்று மாதமும் அதற்கு மேலும் என்பார்கள். நான் காலண்டரைப் பார்ப்பதில்லை. ஒற்றைக் காலில் இருபது, இருபத்தைந்து தடவை, நல்ல கால் ஏறும் அதே உயரத்துக்கு ஏறி இறங்க முடிகிறதா? அரை மணி வேகமாக நடந்தாலும் இறுக்கம் வராமல் இருக்கிறதா? அதே காலில் நொண்டியடித்துக் குதிக்கும்போது பயம் இல்லையா? இதெல்லாம் தேறினால் ஸ்கிப்பிங், பிறகு கோர்ட்டில் தனியாக ஃபுட்வொர்க், பிறகு அரை வேக ரேலி. மேட்ச் எல்லாவற்றுக்கும் பிறகு. திரும்பக் கிழிபவர்கள் பெரும்பாலும் ‘நடக்கும்போது வலி இல்லையே’ என்று நேராக மேட்சுக்குப் போனவர்கள்தான்.

லெக் ஸ்லிப்

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஆஸ்திரேலிய சுழற்பந்து வீச்சாளர் நேதன் லயன் நினைவிருக்கும். 2023 ஆஷஸ், லார்ட்ஸ். தொடர்ச்சியாக ஆடிய 100ஆவது டெஸ்ட். கேட்சுக்கு ஓடியவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார். நாலாம் நாள் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு பதினோராவது ஆளாக பேட்டிங் வந்தபோது மைதானமே எழுந்து கைதட்டியது. ஆனால் அந்தத் தொடரில் அதோடு சரி. அந்த டிசம்பரில் பெர்த்தில்தான் டெஸ்டுக்குத் திரும்பினார், அங்கேயே 500ஆவது விக்கெட்டும் எடுத்தார். அத்தனை பிசியோக்கள் சூழ இருக்கும் ஆளே அவசரப்படவில்லை. நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

எதிர் உதாரணம் கூடைப்பந்தில் கெவின் டுரான்ட். 2019 மே 8இல் கெண்டைக்கால் காயம். ஜூன் 10இல் இறுதிச்சுற்றில் இறங்கினார், அன்றே அதே காலின் அக்கிலீஸ் அறுந்தது. அடுத்த சீசன் முழுக்கப் போயிற்று.

மதுரை பிசியோ

முந்தைய காயம்தான் அதற்குக் காரணமா என்று வல்லுநர்களே ஒத்துப்போகவில்லை. ஆனால் அரைகுறையாக ஆறிய கெண்டைச்சதையோடு கோர்ட்டில் இறங்க வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

மூன்றாவது செட், கோவை

முறைப்பு வாங்கிய அந்தப் பார்ட்னர் நான்தான். எனக்கு முழங்கை. வெளிப்பக்க எலும்பு முட்டில் வலி ஆரம்பித்து முன்கை வரை இறங்குகிறது. பேக்ஹேண்ட் க்ளியர் அடித்தால் மின்சாரம் அடித்தது மாதிரி. ஆட்டத்தை விடுங்கள், ஃப்ரிட்ஜிலிருந்து தோசைமாவுப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்த கையால் தூக்க முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. ஆபீஸில் நாள் முழுக்க மவுஸ். அடுத்த மாதம் மாவட்ட வெட்டரன்ஸ் (மூத்தோர்) டோர்னமென்ட், பேர் கொடுத்துப் பணமும் கட்டியாயிற்று. ஒரு ஊசி போட்டால் ரெண்டு நாளில் ஆடலாம் என்கிறார் டாக்டர். போடலாமா?

கைப்பிடி

நண்பரே, எனக்குப் போட்டார்கள். மாயம் மாதிரி இருந்தது. ஒரு மாதம் சிங்கம் போல ஆடினேன். அப்புறம் முன்பைவிட மோசமாகத் திரும்பியது. இரண்டாவது ஊசிக்குப் பலன் பாதிதான்.

மதுரை பிசியோ

கைப்பிடி சொன்னது ஒருவர் அனுபவம் மட்டும் இல்லை. 2006இல் ஆஸ்திரேலியாவில் 198 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டீராய்டு ஊசி, பிசியோ, சும்மா காத்திருப்பது, இந்த மூன்று. ஆறு வாரத்தில் ஊசிக்காரர்கள்தான் முன்னால். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அவர்கள்தான் கடைசி; நிறையப் பேருக்கு வலி திரும்பியிருந்தது. சும்மா இருந்தவர்களே அவர்களை முந்திவிட்டார்கள். வலி தாங்காமல் தூக்கமே போனவருக்கு ஊசி வேறு கணக்கு. வெட்டரன்ஸ் டோர்னமென்ட்டுக்காக நான் போடச் சொல்ல மாட்டேன்.

காரணம் எளிது. டென்னிஸ் எல்போ என்பார்கள் இதை. மணிக்கட்டைப் பின்னால் தூக்குகிற தசையின் நாண் முழங்கை வெளிமுட்டில் பிடித்திருக்கும் இடம் நாள்பட்டுத் தேய்ந்து, நார் கலைந்து கிடக்கிறது. மாதக்கணக்கான வலியில் அங்கே வீக்கம் என்று பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. வீக்கத்தை அடக்கும் மருந்து வலியைத்தான் அமுக்கும், நாரை அடுக்காது. நாரை அடுக்குவது பாரம்தான், அளவான பாரம்.

மேசைமேல் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், அரைக் கிலோ கனம். முதல் சில நாள் அப்படியே நேராகப் பிடித்து நிறுத்துங்கள், முப்பது நாற்பது விநாடி, நாலைந்து முறை. வலி அடங்கியதும், இன்னொரு கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் மட்டும் நாலு விநாடியில் மெதுவாக இறக்குங்கள். பத்துப் பதினைந்து முறை, மூன்று சுற்று. வாரங்கள் போகப் போக ஒரு லிட்டர், அதற்கு மேல். தோளையும் சேர்த்துப் பலப்படுத்துங்கள். தோள் வேலை செய்யாவிட்டால் பேக்ஹேண்டில் மணிக்கட்டுதான் மாட்டும்.

பாத்திரத்தை உள்ளங்கை மேல்நோக்க, இரண்டு கையால் தூக்குங்கள். முழங்கைக்கு இரண்டு விரல் கீழே கட்டுகிற பட்டை சிலருக்கு ஆட்டத்தின்போது உதவும், ஆனால் அது ஊன்றுகோல்தான். விரல்கள் மரத்துப்போனாலோ கழுத்தைத் திருப்பினால் வலி இறங்கினாலோ கோளாறு கழுத்தில் இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: ராக்கெட்டில் அண்மையில் ஏதாவது மாற்றினீர்களா?

மூன்றாவது செட்

ஸ்ட்ரிங் 24 பவுண்டிலிருந்து 28க்கு ஏற்றினேன். யூடியூபில் பார்த்துவிட்டுத்தான். கிரிப்பும் மெல்லியது, ஸ்மாஷுக்கு அதுதான் நல்லது என்றார்கள்.

மதுரை பிசியோ

இறுக்கமான ஸ்ட்ரிங்கில் ஸ்வீட் ஸ்பாட், அதாவது அடி அதிராமல் படும் நடுப்பகுதி, சின்னது. நடுவில் படாத ஒவ்வொரு அடியின் அதிர்வும் முழங்கைக்கு வரும். மெல்லிய கிரிப்பை எப்போதும் இறுக்கிப் பிடித்தே இருக்க வேண்டும். 23, 24க்கு இறக்குங்கள், ஒரு ஓவர்கிரிப் சுற்றுங்கள், ஷட்டில் படும் கணத்தில் மட்டும் இறுக்கிப் பழகுங்கள். வெட்டரன்ஸில் பேர் கொடுத்த பணம் போகட்டும்.

லெக் ஸ்லிப்

டெண்டுல்கருக்கு இதே முழங்கைதான். 2004இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் இரண்டு டெஸ்டுகள், பெங்களூரும் நம் சேப்பாக்கமும், ஆட முடியவில்லை. 2005 மே மாதம் லண்டனில் ஆபரேஷன். அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராகத் திரும்பி 93 அடித்தார். அவருடைய மட்டை கனத்தைப் பற்றி அப்போது நடந்த விவாதம் இந்த 28 பவுண்ட் விவாதத்தைவிட நீளம்.

மதுரை பிசியோ

ஆபரேஷன் வரை போகிறவர்கள் சொற்பம். பெரும்பாலானோருக்கு ஒரு வருஷத்துக்குள் தணிந்துவிடும். பாரத்தைச் சரியாகக் கூட்டினால் அதற்கு முன்பே ஆட்டத்துக்குத் திரும்பலாம்.

யாழ் வேகம்

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 13 வயது, பள்ளி அணியில் வேகப்பந்து. முழங்கையின் உள்பக்கத்தில் நோ. பந்து போடும்போதைவிட எல்லைக்கோட்டிலிருந்து எறியும்போதுதான் சரியாக நோகிறது என்கிறான். அம்மம்மா முறிவு நெறிவு வைத்தியரிடம் பத்துப் போடச் சொல்கிறா. மேலே எழுதிய தண்ணீர்ப் போத்தல் பயிற்சியை அவனுக்கும் செய்யலாமா?

மதுரை பிசியோ

இல்லை அண்ணா, அவன் விஷயம் வேறு. பெரியவர்களுக்கு நாண் தேய்கிற இடத்தில், வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் ஒட்டாமல் இருக்கும். நாணைவிட அதுதான் பலவீனம். எறியும்போது உள்பக்கம் விரிந்து இழுபடும், தட்டு விலகலாம். உடனே எறிவதை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவார்கள். பத்து, உருவல், ஊசி எதுவும் வேண்டாம். சுண்டுவிரல் மரக்கிறதா என்றும் கேளுங்கள், அந்தப் பக்கம்தான் நரம்பு ஓடுகிறது.

பெரியவர்களில் அதே உள்பக்கம் ஈட்டி எறிபவர்களுக்கு வரும் தொல்லை. நீரஜ் சோப்ரா 2019 மே மாதம் முழங்கையில் ஆபரேஷன் செய்து, அந்த ஆண்டு தோஹா உலகப் போட்டியைத் தவறவிட்டார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்துதான் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்.

களத்து மேடு

மேடம், ஒரு சந்தேகம். ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறதே, அதற்காவது உருவலாமா?

மதுரை பிசியோ

தாராளமாக உருவலாம் ஐயா. முட்டியை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தால் இன்னும் சீக்கிரம் விடும். ஆனால் நடந்தால் பிடித்து, நின்றால் விட்டு, திரும்ப அதே தூரத்தில் பிடித்தால் அது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். பீடி, சிகரெட், சர்க்கரை இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

யாழ் வேகம்

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. உள்பக்கத் தட்டு மெல்லிதாக அகன்றிருக்கிறதாம். வெட்டத் தேவையில்லை, ஆறு கிழமைக்குப் பந்து போடக் கூடாது, பிறகு திரும்பப் பார்ப்போம் என்றார் டொக்டர். இவன் துடுப்பாட்டமாவது ஆடவா என்று உயிரை வாங்குகிறான்.

மதுரை பிசியோ

நோகாவிட்டால் பேட்டிங் பற்றி டாக்டரிடமே கேளுங்கள், பலர் அனுமதிப்பார்கள். ஃபீல்டிங்கில் ஸ்லிப்பில் நிறுத்துங்கள், பந்தைக் கீழ்க்கையால் உருட்டட்டும். மாங்காய்க்குக் கல் எறிவதும் எறிவதில்தான் சேர்த்தி, அதையும் அவனிடம் சொல்லிவையுங்கள்.